பிடியரிசிப் பேணி

பாண்டிருப்பு
ஞாயிறு, பின்னேரம்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். பெரியம்மா வந்தபோது அவவுக்குக் காட்ட ஒரு தரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தரம், மறுகா விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் ஒரு தரம். கனடா ஸ்காபரோவில் அவ்வளவு தமிழ்ச் சனமும் எழும்பி நிற்க, நீ கிற்றாரோடு முன்னுக்கு நின்று ஆராதனை நடத்துகிறாய். அப்பா ஜெபிக்கும்போது நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மூடுவாரே, அப்படியே மூடிக்கொண்டு பாடுகிறாய். கர்த்தர் தந்த குரல் மனே. அவருக்கே அதைக் கொடுக்கிறாய் என்று அழுதுவிட்டேன்.

ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. அதற்கான காரணத்தைத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரை வாசிப்பாய்.

முதலில் என் காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியும், உனக்கு மட்டும் சொல்லவில்லை. 2019இல் நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய்.

மருதமுனை ராத்தாவை உனக்குத் தெரியும். தறி நெய்கிறவ, சாரம் கொண்டுவந்து தருகிறவ. சுனாமிக் காலத்தில் உனக்கு ஆறு வயது. அன்றைக்கும் ஞாயிறுதான், நத்தாருக்கு மறுநாள். கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். கடல் வருது என்று சத்தம் கேட்டதும் உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மெயின் றோட்டுக்கு ஓடினது அண்ணன். பதினாலு வயதுப் பொடியன். செருப்புக்கூட இல்லை. அங்கே எங்களைக் கண்டு, வயல் பக்கம் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனது ராத்தா. அவவின் தறியும் வீடும் கடலோடு போயிருந்தன. அந்த நிலையிலும் எங்களை மூன்று இரவு வைத்துச் சோறு தந்தா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு வாளி கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாழைப்பழமோ முருங்கைக்காயோ போட்டுத்தான் அனுப்புவேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் கல்முனையில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போதுதான் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முற்றத்தில் நின்று காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். குண்டோடு வந்த இஸ்லாமியத் தீவிரவாதியை உள்ளே போகவிடாமல் வாசலில் மறித்த சகோதரன் ஒருவனும் போய்விட்டான். அந்தக் கிழமையே சாய்ந்தமருதிலும் வெடித்தது. நான் ஞாயிறு பள்ளி நடத்தினவள் மனே. அந்தப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மே மாதம் நோன்பு தொடங்கினது. ஒரு பின்னேரம் படலையில் ராத்தாவின் குரல். "தங்கச்சி, இருக்கியா கா?" நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவ கொஞ்ச நேரம் நின்றா. மறுகா வாளியைப் படலையில் கொழுவிவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தா. அந்தக் கஞ்சியை நான் தென்னைக்கு ஊற்றினேன். எங்களுக்கு மூன்று நாள் சோறு போட்ட கையால் காய்ச்சின கஞ்சி.

ஒரு திருவிருந்து ஞாயிறு வந்தது. போதகர் ஐயா பாவ அறிக்கையைச் சொல்லித் தந்தார். எல்லாரும் சொன்னார்கள், எனக்குக் குரல் வரவில்லை. அப்பத்துக்காக முன்னுக்குப் போக எழும்பினேன், கால் போகவில்லை. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை உனக்கும் அண்ணனுக்கும் மனப்பாடம் பண்ணித் தந்தவளே நான்தானே. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார் ஆண்டவர். ஆராதனையை நடுவில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்! அத்தனை வருசம் படித்தும் படிப்பித்தும் அது எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. திருவிருந்து எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

வாளியைக் கழுவினேன். வீட்டில் வாழைப்பழம் ஒன்றும் இல்லை. குசினித் தட்டில் பிடியரிசிப் பேணி இருந்தது. உலைக்கு அரிசி களைகிற போதெல்லாம் ஒரு பிடி அள்ளிப் பால்மாப் பேணிக்குள் போட்டு, மாசக் கடைசியில் கோயிலுக்குக் கொடுப்போமே, அந்த அரிசி. என் அம்மா வைத்தது, அவவின் அம்மா வைத்தது. ஆண்டவருக்கென்று வைத்ததில் கைவைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒரு நிமிசம் யோசித்தேன். பிறகு முழுவதையும் வாளிக்குள் கொட்டிக்கொண்டு மருதமுனைக்கு நடந்தேன். றோட்டில் சோதனைக்கு நின்ற ஆமிப் பொடியன் வாளிக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தான்.

ராத்தா தறியில் இருந்தா. என்னைக் கண்டதும் தறிச் சத்தம் நின்றது. "கஞ்சியக் குடிக்கல்ல ராத்தா. ஊத்திட்டன்" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. அவ வாளியை வாங்கிப் பார்த்தா, அரிசியை விரலால் அளைந்தா. "இது உங்கட கோயிலுக்கு எடுத்து வைக்கிற அரிசிதானே" என்றா. அவவுக்குத் தெரியும், எத்தனை தரம் என் குசினியில் இருந்து பார்த்திருக்கிறா. நான் தலையை ஆட்டினேன். அவ அழுதா, நானும் அழுதேன். மறுகா தான் நோன்போடு இருந்துகொண்டு எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. எதிரில் இருந்து, நான் குடித்து முடிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தா.

அடுத்த ஞாயிறு போதகர் ஐயாவிடம், இந்த மாசம் பேணி வெறுமை என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். "அது வந்து சேர்ந்திட்டுது" என்றார்.

இப்ப உன் காரியம். அண்ணனோடு நீ பேசி ஒன்றரை வருசம். அப்பாவின் வருத்தத்துக்கு நீ அனுப்பின காசுக்குக் கணக்குக் கேட்டாய். நீ இரவு வேலை செய்து உழைத்த காசு, கேட்டதில் பிழை இல்லை. அவன் சொன்ன பதிலும் சரியில்லை, அதை அவனுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மனே, கிழமைக்கு இரண்டு தரம் விடிய நாலு மணிக்கு ஓட்டோ பிடித்து டயலிசிஸுக்குக் கொண்டுபோனதும், கடைசி மாசங்களில் அப்பாவைத் தூக்கிக் கழுவித் துடைத்ததும் அவன்தான். மருந்துத் துண்டு கொஞ்சம் இருக்கிறது. மற்றதுக்கெல்லாம் துண்டு இல்லை. நீ கணக்குக் கேட்ட அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அந்த வசனத்தை எடுத்து இன்னொரு தரம் வாசி. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அதில் இல்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைத்தால் என்றுதான் இருக்கிறது. எழும்பிப் போக வேண்டியது காணிக்கையோடு முன்னுக்கு நிற்கிறவன். இப்ப நீதான் முன்னுக்கு நிற்கிறாய்.

எங்கள் மெதடிஸ்த சபையே அண்ணன் தம்பியால் வந்ததுதானே. அண்ணன் ஜோன் வெஸ்லி, தம்பி சார்ல்ஸ். தம்பி உன்னைப்போல பாட்டுக்காரன், ஆறாயிரத்துக்கு மேல் ஞானப்பாட்டு எழுதினவர். 1784இல் அண்ணன் ஊழியர்களுக்குத் தானே குருப்பட்டம் கொடுத்தது தம்பிக்குப் பொறுக்கவில்லை. கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் அண்ணனை விட்டுப் பிரியவில்லை. 1788இல் தம்பி இறந்து கொஞ்ச நாளில், ஆராதனையில் அவருடைய பாட்டொன்றை வாசித்துக்கொண்டு வந்த அண்ணன், துணையிழந்து தனித்து நிற்கிறதைச் சொல்லும் அடி வந்ததும் மேலே வாசிக்க முடியாமல் பிரசங்க மேடையிலேயே அழுதாராம்.

பாட்டை நிறுத்து என்று சொல்லவில்லை. பாடு, நல்லாப் பாடு. ரோமர் பன்னிரண்டில் பவுல் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறாரே, சரீரத்தையே ஜீவபலியாகக் கொடுக்கிறது என்று. அண்ணன் அப்பாவின் காலைத் துடைக்கும்போது கோயிலுக்குப் போக நேரமில்லை என்று கவலைப்படுவான். அவனும் ஆராதனையில்தான் இருந்தான் என்று நான் அவனுக்குச் சொன்னேன். அதை நீ சொன்னால் அவனுக்கு இன்னும் ஆறுதல்.

உன் வீடியோவை அவனுக்கும் அனுப்பினேன். பதில் போடவில்லை. ஆனால் கடையில் நிற்கிற பொடியன் சொன்னான், அண்ணன் அதை மூன்று தரம் போட்டுப் பார்த்ததாக.

சனிக்கிழமை உனக்கு வேலை இல்லை என்றாய். அவன் கடையைப் பூட்டிவிட்டு எட்டரைக்கு வீட்டில் இருப்பான். அங்கே அப்போது காலை பதினொன்று. நம்பர் மாறவில்லை.

உனக்காக ஜெபிக்கும்,
அம்மா