46 அடிப் படகைக் காட்டி 37 அடிப் படகை விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
பெசன்ட் நகர், சென்னை – 600 090.

பெறுநர்
தலைமை மேலாளர், விற்பனைப் பிரிவு,
பாய்மரப் படகு இறக்குமதி நிறுவனம், சென்னை.

பொருள்: 37 அடி சென்டர் காக்பிட் படகு – அரைகுறைத் தகவல் தந்து விற்றது – ஆஃப்ட் காக்பிட் அமைப்புக்கு மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு கடலோட வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் ஆசை. அதற்காக உங்கள் நிறுவனத்தில் 37 அடி பாய்மரப் படகு ஒன்றை முன்பதிவு செய்து 18 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறோம். நடுவில் அமர்ந்து ஓட்டும் சென்டர் காக்பிட், பின்பக்கம் அமர்ந்து ஓட்டும் ஆஃப்ட் காக்பிட் என்று அந்த மாடல் இரண்டு விதமாகவும் வருகிறது. எங்களுக்கு எது சரிப்படும் என்பதுதான் உங்களிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி. உங்கள் விற்பனை ஆலோசகர் அதற்கு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி, மறுபக்கத்தை மறைத்துவிட்டார்.

எங்களைக் கொச்சிக்கு அழைத்துப்போய் போல்காட்டி மெரினாவில் (உல்லாசப் படகுகளைக் கட்டிவைக்கும் படகுத்துறை) கட்டியிருந்த ஒரு படகைக் காட்டினார். அது 46 அடி. காயல் தண்ணீரில் அசையாமல் நின்றது. "சார், நடுவுல உக்காந்து ஓட்டுறீங்க, தண்ணி மேல படவே படாது. பின்னாடி மேடத்துக்குப் பெரிய பெட்ரூம். இதே செட்டப்தான் 37லயும் வருது" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் பணம் கட்டினோம். அது உண்மையல்ல என்பதே என் புகார்.

சென்டர் காக்பிட் படகில் ஹாலுக்கும் பின் கேபினுக்கும் நடுவே போகிற வழி, காக்பிட்டை ஒட்டி அதன் அடியில்தான் அமைகிறது. இன்ஜினும் காக்பிட்டுக்குக் கீழேயே வருகிறது. இரண்டுக்கும் உயரம் வேண்டும். பெரிய படகில் அந்த உயரத்தைப் படகின் உடற்பகுதியான ஹல்லின் ஆழமே கொடுத்துவிடும். பிரான்சின் அமெல் நிறுவனம் கட்டிய சூப்பர் மராமு 16 மீட்டர் நீளம். அதில் சென்டர் காக்பிட் இயல்பாக அமைந்திருக்கிறது. சுவீடனின் ஹால்பெர்க் ராஸியின் பெரிய படகுகளும் அப்படித்தான். நெடுந்தூரம் போகிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. 37 அடியில் ஹல்லுக்கு அந்த ஆழம் கிடையாது. எனவே காக்பிட்டை மேலே தூக்குகிறார்கள், அப்படியும் உள்வழி குறுகிப்போகிறது. நாங்கள் பதிவு செய்த அதே மாடல் சென்னைக்கு வந்தபோது டேப் வைத்து அளந்தேன். "உள்ளேயே நடந்து போகலாம்" என்று உங்கள் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் வழியின் உயரம் 1.45 மீட்டர். என் உயரம் 1.73. படகு நிற்கும்போதே இடுப்பை வளைத்துத்தான் போக வேண்டும். அலையில் ஆடும்போது கையில் காபி டம்ளருடன் போவதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

துறைமுகத்துக்கு வெளியே அந்தப் படகில் நடந்த சோதனை ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்பகல் கடல்காற்று எழுந்து, நங்கூரமிட்ட கப்பல்களைத் தாண்டியதும் பக்கவாட்டில் அலை வாங்க ஆரம்பித்தோம். தண்ணீர் மட்டத்திலிருந்து காக்பிட் இருக்கை 1.8 மீட்டர் உயரத்தில் இருந்தது. இதே ஹல்லின் ஆஃப்ட் காக்பிட் வரைபடத்தில் அது 1.2 மீட்டர். 60 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். படகு இருபுறமும் 20 டிகிரி சாய்ந்து ஆடினால், அந்த 60 சென்டிமீட்டருக்காக மட்டும் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பக்கவாட்டில் சுமார் 40 சென்டிமீட்டர் கூடுதலாக வீசப்படுவார். ஒவ்வொரு அலைக்கும், மணிக்கணக்காக. என் மனைவி பாய்க்கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். சிறுவயதிலிருந்து கடற்கரையில் வளர்ந்தவர், படகு அவருக்குப் புதிதல்ல. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: முன்னும் பின்னும் குதிக்கிற ஆட்டம் நடுவில் குறைவுதான். காசிமேட்டு விசைப்படகுகளையும் வலை மிதவைகளையும் அந்த உயரத்திலிருந்து முன்கூட்டியே பார்க்க முடிந்தது. இவை பெரிய வசதிகள், மறுக்கவில்லை. ஆனால் சாதகம் பாதகம் இரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை எங்களுடையது. பாதகத்தை நீங்கள் சொல்லவே இல்லை.

காக்பிட் உயர்ந்தால், தலையில் இடிக்காதபடி, பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கம்பமான பூமும் உயர வேண்டும். பாயின் விசை மேலே போகும், படகு சீக்கிரம் சாயும். இல்லையென்றால் பாயைச் சிறிதாக்க வேண்டும். உங்கள் ஒப்பீட்டுத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஏறி இறங்குவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. கொச்சியில் இருப்பது போன்ற மெரினா சென்னையில் கிடையாது. நங்கூரமிட்ட படகுக்கு டிங்கி என்னும் சிறு படகில்தான் போய் ஏற வேண்டும். ஆஃப்ட் காக்பிட் அமைப்பில் பின்பக்கம் படிபோலத் திறந்திருக்கிறது, காக்பிட்டிலிருந்து இரண்டு எட்டில் தண்ணீர். சென்டர் காக்பிட்டில் பின் கேபினின் கூரை மேல் நடந்து, அங்கிருந்து செங்குத்தான ஏணியில் இறங்க வேண்டும். "இந்த உயரத்துலேருந்து எப்படிங்க எறங்கறது? நீங்க கடல்ல விழுந்துட்டா நான் ஒருத்தியா உங்கள எப்படித் தூக்குவேன்?" என்று என் மனைவி கேட்டார். அருகில் நின்ற உங்கள் ஊழியர் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இருவர் மட்டுமே ஓட்டப்போகும் படகில் இதைவிட முக்கியமான கேள்வி என்ன இருக்கிறது?

பின் கேபினைப் பற்றியும் சொல்கிறேன். அது அழகாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுவில் தனியாகக் கிடக்கும் கட்டில் துறைமுகத்தில் தூங்கத்தான். படகு சாய்ந்து ஓடும்போது முதுகைத் தாங்க இருபக்கமும் ஒன்றுமில்லை, உருண்டு விழ வேண்டியதுதான். போர்ட் பிளேர் வரை போவதே எங்கள் திட்டம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தோம். கடல்வழியில் சுமார் 1,190 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஐந்து நாளுக்கு மேல் ஆகும். இரவு முறைவைத்துத் தூங்குகிறவருக்கு வேண்டியது பக்கச்சுவரை ஒட்டிய ஒடுக்கமான படுக்கை. நங்கூரத்தில் படகு காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். முன்னாலிருந்து வரும் காற்றைக் காக்பிட்டின் கண்ணாடியும் பிமினி என்னும் துணிக்கூரையும் தடுத்துவிட, பின் கேபின் வெந்துபோகிறது. சென்னையின் மே மாதத்துக்கு அது தாங்காது. ஆஃப்ட் காக்பிட்டுக்குக் கீழே வரும் சிறு கேபின்களிலும் காற்றோட்டம் குறைவுதான், அதுவும் தெரியும். ஆனால் எங்கள் இருவருக்கு முன் கேபினே போதும், அங்கே மேல்தளத் திறப்பான ஹாட்ச் வழியாகக் காற்று நேராக இறங்கும். இன்ஜினை நாலு பக்கமும் சுற்றி வந்து பழுது பார்க்கும் வசதி சென்டர் காக்பிட்டில்தான் நன்றாக இருக்கிறது. அதை இழக்கச் சம்மதித்தே மாற்றம் கேட்கிறோம்.

சோதனை ஓட்டம் முடிந்த மறுநாளே மாற்றம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "ஆர்டர் உறுதியாகிவிட்டது, ரத்து செய்தால் 20 சதவீதம் பிடித்தம்" என்று பதில் வந்தது. நான் ரத்து செய்யவே சொல்லவில்லை. ஹல் இரண்டுக்கும் ஒன்றுதான், மேல்தளம் மட்டுமே வேறு. மேல்தள வேலை தொடங்கும் வரை அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று நம் ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே இருக்கிறது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்று தொழிற்சாலை எழுதிய கடிதத்தை நீங்களே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பிறகு எந்த அடிப்படையில் மறுக்கிறீர்கள்?

எனவே, கூடுதல் கட்டணமோ பிடித்தமோ இல்லாமல் எங்கள் முன்பதிவை அதே 37 அடியின் ஆஃப்ட் காக்பிட் அமைப்புக்கு மாற்றி எழுத்தில் உறுதி தாருங்கள். முடியாதென்றால் 18 லட்சத்தையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். அடுத்து வருகிறவர்களுக்காக இன்னொன்றும் கேட்கிறேன்: இருக்கை உயரம், உள்வழி உயரம், பூம் உயரம் மூன்றையும் இரண்டு அமைப்புக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஒப்பீட்டுத் தாளில் போடுங்கள். 46 அடிப் படகின் படங்களை 37 அடியின் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நியாயமற்ற வணிக நடைமுறை என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம்; நான் வசிக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. அங்கே போகாமல் முடிந்தால் இரு தரப்புக்கும் நல்லது. உங்களிடமே படகு வாங்க இன்னும் விரும்புகிறோம்.

இணைப்பு: முன்பண ரசீது, ஒப்பந்தப் பிரதி, தொழிற்சாலைக் கடிதம், உங்கள் ஒப்பீட்டுத் தாள், அளவெடுத்தபோது எடுத்த படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.