முதலில் எடை, பிறகு மோட்டர்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் ஆறுதல். இங்கே அனைவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டுவிட்டது, காலி வீதியில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகின்றன. மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. நான் இதை எழுதும்போது பக்கத்தில் இருந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே இதில் பாதி அவளுடைய பிடிவாதம் என்று எடுத்துக்கொள்.

உன் உயர்தர மாணவர்கள் ட்ரோன் கட்டப்போவதை அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அவர்கள் அனுப்பிய பட்டியலின் முதல் வரியைக் கண்டதும் மகள் சிரித்துவிட்டாள். பந்தய ட்ரோன் காணொளிகளில் வரும் 2400 கேவி மோட்டர், அதற்குப் பத்து அங்குல விட்டமுள்ள புரொப்பெல்லர் (சுழல் இறக்கை)! கேவி என்பது சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டர் நிமிடத்தில் எத்தனை முறை சுழலும் என்ற கணக்கு. 11.1 வோல்ட் பற்றரியில் 2400 கேவி மோட்டர் நிமிடத்துக்கு 26,640 சுற்று. பத்து அங்குல இறக்கையை அந்த வேகத்தில் சுழற்ற முடிந்தால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும். அதுவரை போகவே போகாது, முதலில் சுருள் கருகிவிடும். அந்த மோட்டர்கள் ஐந்து அங்குல இறக்கைக்காகச் செய்யப்பட்டவை. பிள்ளைகள் படத்தின் அழகைப் பார்த்துத் தெரிவு செய்திருக்கிறார்கள். மோட்டரைக் கடைசியில்தான் தெரிவு செய்ய வேண்டும்.

தொடங்க வேண்டியது தராசில். சட்டம், பற்றரி, கமெரா, கம்பிகள், திருகாணிகள் எல்லாவற்றையும் நிறுத்து எழுதச் சொல். மோட்டருக்கும், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் இப்போதைக்கு ஓர் உத்தேச எடை போதும். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் மொத்தம் 1,400 கிராம் அளவில் வரும். அந்தரத்தில் நிற்க நான்கு மோட்டர்களில் ஒவ்வொன்றும் 350 கிராம் தூக்க வேண்டும். முழு வேகத்தில் குறைந்தது அதன் இரு மடங்கு, அதாவது 700 கிராமாவது தூக்க வேண்டும். ஏன் இரு மடங்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். காற்று ஒரு பக்கத்தைச் சாய்த்தால் அந்தப் பக்கத்து மோட்டர்களை விரைவாக்கித்தான் ட்ரோன் நிமிர்கிறது. கைவசம் மிச்சம் இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும். உங்கள் ஊர்க் கச்சான் காற்றுக்கு இரு மடங்குக்கு மேல் இருந்தாலும் நல்லதே.

அடுத்தது புரொப்பெல்லர். சட்டத்தில் இடம் இருக்கும்வரை பெரியதாகப் போடலாம் என்பது என் கட்சி. மேற்கூரை விசிறி மெதுவாகச் சுழன்றே அறையை நிறைப்பதுபோல, அதிக காற்றை மெதுவாகத் தள்ளுவது கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். ஏட்டுக் கணக்கின்படி அதே 350 கிராமைத் தாங்கப் பத்து அங்குல இறக்கைக்கு 18 வாட் போதும். எட்டு அங்குலத்துக்கு அதைவிடக் கால்பங்கு கூடுதலாக வேண்டும். மோட்டரிலும் இறக்கையிலும் வீணாவதைச் சேர்த்தால் நான்குக்கும் ஏறத்தாழ 150 வாட். 11.1 வோல்ட், 5,000 மில்லி அம்பியர்-மணி பற்றரியில் எண்பது சதவீதத்தைப் பயன்படுத்தினால் தாளில் ஏறத்தாழ 18 நிமிடம். காற்றில் பன்னிரண்டு கிடைத்தால் திருப்திப்படு.

ஆனால் சட்டம் எல்லை போடும். மூலைக்கு மூலை 450 மில்லிமீற்றர் உள்ள சட்டத்தில் அடுத்தடுத்த மோட்டர்களுக்கு இடையே 318 மில்லிமீற்றர்தான். 12 அங்குல இறக்கை 305 மில்லிமீற்றர், நுனிகளுக்கு இடையே மிஞ்சுவது 13. எனக்கு அது பிடிக்காது. பத்து அங்குல விட்டம், 4.5 அங்குலப் புரிநீளம் (ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம்), அவ்வளவே. அதற்கு 900 கேவி அளவிலான 2212 மோட்டர் பொருந்தும். 22, 12 என்பவை உள்ளே சுருள் சுற்றிய இரும்பின் விட்டமும் உயரமும், மில்லிமீற்றரில். வேகக் கட்டுப்படுத்தி 30 அம்பியர் இருக்கட்டும், வெயிலில் அது மட்டுமட்டாக இருக்கக்கூடாது. பிறகு எவராவது 11 அங்குலம் போட்டுப் பார்க்கலாம் என்பார். அதே சுற்று வேகத்தில் தூக்குவிசை 46 சதவீதம் கூடும், மின்சாரச் செலவோ 61 சதவீதம் கூடும். சூடு தாங்காது.

மோட்டர் வந்ததும் நம்பிவிடாதே. புறக்கோட்டையில் ஒரு கடையில் ஒரே பெட்டியில் வாங்கிய நான்கு மோட்டர்களில் ஒன்று மற்றவற்றைப் போல் இழுக்கவில்லை. பலகையொன்றில் பூட்டி, காற்று மேல்நோக்கி வீசும்படி புரொப்பெல்லரை அமைத்து, சமையலறைத் தராசில் வையுங்கள். விசை தராசைக் கீழே அழுத்தும், காற்றும் மேசையில் பட்டு அளவைக் கெடுக்காது. பற்றரிக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் இடையே வாட்மானி ஒன்று வேண்டும். பலகையை இறுகப் பிணையுங்கள், தலையை இறக்கையின் தளத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டாம். நிரல் ஏற்றும்போது புரொப்பெல்லரைக் கழற்றியே வையுங்கள்.

இன்னொன்று, புல்மோட்டைப் பக்கம் கொண்டுபோனால் கடற்கரை மணலில் இறக்காதே. அங்குள்ள கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது. மோட்டருக்குள்ளிருக்கும் காந்தங்களில் அது ஒட்டிக்கொண்டால் தட்டினாலும் போகாது. உப்புக் காற்று மோட்டரின் தாங்கிகளையும் (பெயரிங்) துருப்பிடிக்க வைக்கும்.

அனுமதியை எடுத்துவிட்டீர்களா? 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் ட்ரோன்கள் முற்றாகத் தடைசெய்யப்பட்டது நினைவிருக்கும். உங்கள் ஊரில் கடற்படைத் தளமும் இருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பாடசாலையின் பெயரில் இப்போதே விண்ணப்பிக்கச் சொல், பறக்கவிடும் நாள் நெருங்கியபின் ஓடித்திரிய வேண்டாம்.

எடைப் பட்டியலை அனுப்பிவிடு. அது வந்தபின் மகளும் நானும் போய் மோட்டர் நான்கும் புரொப்பெல்லர்களும் வாங்குகிறோம். வலச்சுற்று, இடச்சுற்று இரண்டிலும் கூடுதலாக எடுப்போம், பிள்ளைகள் எப்படியும் உடைப்பார்கள். கார்பன் வேண்டாம், பிளாஸ்ற்றிக் போதும். பணத்தைப் பிறகு பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
ரவி