சுமை வண்டிக்குப் பெரிய கேம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர்கள், பண்ருட்டியிலிருந்து பலாவும் முந்திரியும் ஏற்றுபவர்கள் என்று பலரும் இன்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "கேம் மாற்றினால் இழுவை கூடுமாமே, பெரிய கேம் போட்டுவிடலாமா?" கைபேசியில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்கள் இதற்கு ஒரு காரணம். பழைய கேமையே கிரைண்ட் செய்து (கல்லில் தீட்டி) "லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) ஏற்றித் தருகிறோம்" என்று சில பட்டறைகளில் சொல்வது இன்னொரு காரணம். இதில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள். அதனால் இந்த வேலையைச் செய்பவர்கள் என்ற முறையில் சிலவற்றை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

கேம் ஷாஃப்ட் தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. எந்த வால்வு எப்போது, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் மூடும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது காற்றுக்கு ஒரு வேகம் இருக்கிறது, பிஸ்டன் ஏறினாலும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அந்த வேகம் கிடையாது. அப்போது வால்வு தாமதமாக மூடினால், இழுத்த காற்றைப் பிஸ்டனே திரும்ப வெளியே தள்ளிவிடும். பெரிய கேம் என்றால் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம். மேல் சுற்றில் அதற்கு லாபம் உண்டு, கீழ்ச் சுற்றில் நஷ்டம்தான்.

நம் வண்டிகள் எந்தச் சுற்றில் ஓடுகின்றன? கணக்குப் போட்டே பார்க்கலாம். 215/75 ஆர் 15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால், நேர் கியரில் (விகிதம் 1) 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,850 சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும். கியர் விகிதம் 1.5 உள்ள தேர்டில் 40 கிலோமீட்டர் போனாலும் அதே 1,850. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடினாலும் சரி, மஞ்சக்குப்பத்து நெரிசலில் ஊர்ந்தாலும் சரி, சுமையோடு கேப்பர் மலை ஏறினாலும் சரி, வண்டியின் பிழைப்பு 1,400-க்கும் 2,400-க்கும் இடையில்தான். 3,000 ஆர்.பி.எம்.மில்தான் இழுக்கத் தொடங்கும் கேமைப் போட்டால், நேர் கியரில் அதன் பலனைப் பார்க்க வண்டியை 97 கிலோமீட்டரில் ஓட்ட வேண்டும். மீன் பெட்டி அடுக்கிய வண்டியில் அது நடக்காத காரியம், சரக்கு வண்டிக்குச் சட்டத்திலும் அந்த வேகம் கிடையாது.

வீடியோவில் வரும் அமெரிக்க பிக்கப்புகளில் பல, ஷெவ்ரோலே 350 போன்ற 5.7 லிட்டர் வி-8 பெட்ரோல் இன்ஜின்கள். அங்கேயும் தினசரி ஓட்டும், ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு, 0.050 அங்குல லிஃப்டில் அளந்த டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு, கிராங்க் சுழலும் டிகிரியில்) 195 முதல் 210 டிகிரிக்குள் உள்ள சிறிய கேமைத்தான் அனுபவசாலிகள் போடுகிறார்கள். லோப் என்பது கேமில் வால்வைத் தள்ளும் மேடு; இன்லெட் லோபின் உச்சிக்கும், புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் லோபின் உச்சிக்கும் இடைக்கோணம் 112 டிகிரி அளவில் இருந்தால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓட்டம்) அமைதியாக இருக்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதம், 9-க்கு 1 ஒட்டி. டியூரேஷன் 230-ஐத் தாண்டினால் ஐடிலிங் குலுங்குகிறது, பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் குறைகிறது, கம்ப்ரஷனை ஏற்ற வேண்டிவருகிறது, ஆட்டோமேட்டிக் கியர் என்றால் கன்வெர்ட்டரையும் பின் ஆக்சில் விகிதத்தையும் மாற்ற வேண்டிவருகிறது. கேம் மட்டும் தனியாக மாறுவதில்லை. அந்தக் குலுங்கல் சத்தம் கேட்க நன்றாக இருக்கலாம், சுமை இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நம்முடையதோ டீசல். மகிந்திராவின் பழைய 2,523 சி.சி. டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும்) இன்ஜினில் போர் (சிலிண்டரின் குறுக்களவு) 88.9, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மில்லிமீட்டர். டாடா 407-இல் வந்த 497 இன்ஜினில் போர் 97, ஸ்ட்ரோக் 100. ஸ்ட்ரோக் போரைவிட நீளம், கீழ்ச் சுற்றில் இழுப்பதற்காகவே வடிவமைத்தவை. இவற்றில் எரியும் இடம் பிஸ்டன் தலையில் உள்ள குழிதான், ஹெட்டின் அடிப்பக்கம் ஏறக்குறையத் தட்டை. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. பெட்ரோல் இன்ஜினில் இன்லெட்டுக்கு 2 மில்லிமீட்டரும் எக்சாஸ்டுக்கு 2.5 மில்லிமீட்டரும் விட்டுக் கட்டுவது வழக்கம். அந்தத் தாராளம் டீசலில் கிடையாது. லிஃப்டையோ டியூரேஷனையோ ஏற்றினால் வால்வு பிஸ்டனில் முட்டி, புஷ் ராடு (கேமின் தள்ளலை மேலே கொண்டுசெல்லும் கம்பி) வளையும், வால்வு தலை ஒடிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டும் பிளாக்கும் சேர்ந்து போகும். முட்டாமல் தப்பினாலும் கம்ப்ரஷன் குறைந்துபோகும். டீசல் தீப்பிடிப்பதே அழுத்தத்தில் காற்று சூடாவதால்தான் என்பதால், மார்கழி விடியற்காலையில் செல்ஃப் நெடுநேரம் அடித்து, வெள்ளைப் புகை கக்கிய பிறகே வண்டி பிடிக்கும். டர்போ உள்ள வண்டியில் இன்னொரு கேடும் உண்டு. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால், எக்சாஸ்ட் பக்கத்து அழுத்தம் புகையை இன்லெட்டுக்குத் திருப்பி அனுப்பும்.

பழைய கேமை கிரைண்ட் செய்து லிஃப்ட் ஏற்றுவதை இந்த வண்டிகளுக்கு நாங்கள் முற்றிலும் வேண்டாம் என்கிறோம். லோபின் மூக்கில், அதாவது உச்சியில், கிரைண்டிங்கால் உலோகம் சேர்க்க முடியாது. அடிவட்டத்தை (மேடு இல்லாத வட்டப் பகுதியை) சிறிதாக்கித்தான் லிஃப்ட் வரும். டேப்பட் (லோபின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் உருளை) கீழே இறங்கும், ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்பு) அட்ஜஸ்ட் ஸ்க்ரூ கடைசிவரை வந்துவிடும், ராக்கரின் கோணம் கெட்டு வால்வு கைடு ஒரு பக்கமாகத் தேயும். லோபின் மேற்பரப்பில் கெட்டியாக்கிய உலோகம் கொஞ்ச ஆழம்தான். கல் அதைச் சீவிவிட்டால் புதுக் கேம் போலப் பளபளக்கும், சில மாதத்தில் மூக்கு மழுங்கும்.

கேமை மாற்ற வேண்டுமா என்பதை அளந்தே தெரிந்துகொள்ளலாம். லோபின் மூக்கிலிருந்து எதிர்ப்புறம் வரை மைக்ரோமீட்டரில் ஓர் அளவு. பிறகு கேமைத் திருப்பி அடிவட்டத்தின் குறுக்கே ஓர் அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் லோப் லிஃப்ட். உதாரணமாக 42.00-இல் 36.00 போனால் 6.00, ராக்கர் விகிதம் 1.5 என்றால் வால்வு 9 மில்லிமீட்டர் திறக்கும். எல்லா இன்லெட் லோபும் தம்முள் ஒத்திருக்க வேண்டும், எக்சாஸ்டும் அப்படியே. ஒன்று மட்டும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால் அந்தக் கேம் முடிந்தது. பிரிக்காமலே தெரியும் அடையாளங்களும் உண்டு: டேப்பட் அட்ஜஸ்ட் செய்து சில நாளில் அதே சிலிண்டரில் சத்தம் திரும்பும். எக்சாஸ்ட் லோப் தேய்ந்திருந்தால் வெளியேற முடியாத புகை, இன்லெட் திறந்ததும் ஏர் ஃபில்டர் வழியாகப் 'புஸ்' என்று அடிக்கும்.

டேப்பட்டின் அடிமுகத்தைப் பார்ப்பது மிக முக்கியம். எஃகு ஸ்கேலின் விளிம்பை அந்த முகத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரங்களில் ஒளி தெரிந்தால் முகம் சற்றே மேடு, அப்படித்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒளி தெரிந்தால் குழி, எறிந்துவிட வேண்டும். மேடான முகமும், சற்றே சரிவாகத் தீட்டிய லோபும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழல வைக்கின்றன. நல்ல டேப்பட்டில் தேய்மானம் வட்ட வட்டமாக இருக்கும். ஒரே கோடாக இருந்தால் அது சுழலாமல் நின்று லோபைத் தின்றிருக்கிறது. புதுக் கேமுக்குப் பழைய டேப்பட் போடவே கூடாது, செலவைக் குறைக்க நினைத்துக் கேம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேம் வேண்டுமென்றால் கம்பெனி அளவுக் கேம், அதோடு டேப்பட் செட், தேவைப்பட்டால் கேம் புஷ் (கேம் ஷாஃப்ட் சுழலும் வளையத் தாங்கி). புஷ் அடிக்கும்போது எண்ணெய்த் துளை பிளாக்கின் துளையோடு நேராக வருகிறதா என்று மெல்லிய கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். சற்றுத் திரும்பினாலும் துளை அடைபட்டு, ராக்கருக்கு ஆயில் ஏறாது. மீட்டரில் ஆயில் பிரஷர் சரியாகவே காட்டும், மேலே ராக்கர் ஷாஃப்ட் காய்ந்து நீலம் பாய்ந்துவிடும். டைமிங் கியர் குறிகளைச் சேர்த்த பின், செல்ஃப் தொடுவதற்கு முன் ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் பலம் கொடுக்காமல் நிறுத்த வேண்டும். நடுக் கியரின் குறி இரண்டு சுற்றில் பழைய இடத்துக்கு வராவிட்டால் பயப்பட வேண்டாம், அது பல சுற்றுக்கு ஒருமுறைதான் சேரும்.

கேமுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை மற்ற அளவுகளில் போட்டால் இழுவை உண்மையாகவே திரும்பும். போரை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் போர் கேஜில் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றுவது வீண். போரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன், அல்லது புது லைனர் (சிலிண்டர் உள்குழாய்)தான். ரிங்கைப் போருக்குள் வைத்து வாய் இடைவெளி பார்க்க வேண்டும், மேனுவல் கையில் இல்லையென்றால் 100 மில்லிமீட்டர் போருக்கு 0.3 முதல் 0.4 என்பது பொதுக் கணக்கு. பேரிங்கில் 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதி) இடைவெளி சுமார் 0.05. ஹெட்டை ஃபேஸ் அடித்தால் (அடிப்பக்கத்தைச் சீவினால்) வால்வு எவ்வளவு உள்வாங்கி இருக்கிறது என்பதையும், பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதையும் அளந்து, கேஸ்கெட் பல தடிமனில் வரும் இன்ஜினுக்கு அதற்கேற்றதை எடுக்க வேண்டும். ஹோனிங் (கல்லால் தீட்டுதல்) முடிந்த போரை டீசலில் கழுவுவது நம் ஊரில் பரவலான தவறு. கல் தூள் கீறல்களிலேயே தங்கிவிடும். சோப்பும் வெந்நீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவ வேண்டும். இந்த அளவுகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதித் தருமாறு உரிமையாளர்கள் கேட்க வேண்டும். அது அவர்கள் உரிமை, ஒழுங்காக அளந்த பட்டறைக்கு அதில் தயக்கம் இருக்காது.

இழுவை வேண்டுமென்று பம்பில் டீசலைக் கூட்டுவது கேமைவிடக் கேடு. காற்று போதாமல் கரும்புகை, பிஸ்டன் தலை உருகல், ஆயில் கரியாதல் என்று வரிசையாக வரும். டீசலைத் தெளிக்கும் நாசிலை டெஸ்ட் செய்து அழுத்தத்தைச் சரிசெய்தாலே பாதிக் குறை தீரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப்போடும் வழக்கத்தையும் விட வேண்டும், இன்ஜின் சூடேறாமல் ஓடினால் போர் சீக்கிரம் தேயும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாமல் கூலன்ட் கலவை ஊற்றுங்கள்.

கேம் விவரம் ஆர்.சி.யில் இல்லை, ஆனால் புகைச் சோதனையிலும் எஃப்.சி.யிலும் அதன் விளைவு தெரியும். வேறு இன்ஜினையே தூக்கி வைப்பதென்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி முதலில் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து உண்டு.

கடைசியாக, புதுக் கேம் போட்ட இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்வது பற்றி. லோபிலும் டேப்பட் முகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, ஆயில் பிரஷர் சுவிட்ச் துளை வழியாகக் கை பம்பில் ஆயிலை ஏற்றி, டீசல் லைனில் காற்று எடுத்து, முதல் அடியிலேயே பிடிக்கும்படி தயார் செய்யுங்கள். பிடிக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழிந்துபோகும். பிடித்தவுடன் ஐடிலிங்கில் விடாமல் 1,500-க்கும் 2,000-க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். லோபுக்கு ஆயில் தெறிப்பது அந்தச் சுற்றில்தான். சி.ஐ.-4 தர 15 டபிள்யூ-40 டீசல் ஆயில் போதும், கார் பெட்ரோல் ஆயில் வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 1,000 வரை பாதிச் சுமையோடு ஓட்டி, பிறகு டேப்பட் இடைவெளியை மறுபடி பார்த்துவிட்டு முழுச் சுமை ஏற்றலாம்.

இப்படிக்கு,
இன்ஜின் வேலைப் பட்டறையினர்,
கடலூர் முதுநகர்.