காய்ச்சலுக்குப் பின்னால் வரும் பூஞ்சை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையோடு இன்ஃபுளூயன்சா என்னும் வைரஸ் காய்ச்சல் ஏறுவதும், சிலர் வென்டிலேட்டர் வரை போவதும் தாங்கள் ஆண்டுதோறும் காண்பவை. அவர்களில் ஒரு பகுதியினரின் உயிரைக் கடைசியில் பறிப்பது, வைரஸ் திறந்துவிட்ட வழியில் நுழையும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்பதையும் துறையின் வல்லுநர்கள் அறிவார்கள்.

அதன் வித்துகளை நாம் அனைவரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அவற்றை வெளியே தள்ள, மிஞ்சியவற்றை வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. இன்ஃபுளூயன்சா அந்த உட்படலத்தைச் சிதைத்து, வெள்ளணுக்களின் அழிக்கும் திறனையும் குறைத்துவிடுகிறது. மூச்சுத்திணறலுக்கு நாங்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு எஞ்சிய காவலையும் தளர்த்துகிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 2009 முதல் 2016 வரை தீவிரச் சிகிச்சையில் இருந்த 432 இன்ஃபுளூயன்சா நோயாளிகளை ஆராய்ந்தபோது, 19 விழுக்காட்டினருக்கு இப்பூஞ்சை நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேர் 90 நாட்களுக்குள் இறந்தனர். முன்பு எந்த நோயெதிர்ப்புக் குறைபாடும் இல்லாதவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

சென்ற பருவத்தில் எங்கள் பிரிவில் ஒரு விசைத்தறித் தொழிலாளி இருந்தார், வயது நாற்பதுகளில். வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மருந்தைக் கொடுத்தும், ஆன்டிபயாடிக்கை மாற்றியும் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியைச் செலுத்தி (பிராங்கோஸ்கோபி), நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை, பூஞ்சையின் சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளைக் கண்டறியும் கேலக்டோமேனன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இரத்தத்தில் மட்டும் பார்த்தால் இந்நோய் பல நேரங்களில் பிடிபடாது. எங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை. அவருடைய மனைவி தோட்டை அடகு வைத்து, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியை மடியில் ஏந்தி, இரவுப் பேருந்தில் தனியார் ஆய்வகத்துக்குப் போனார். மாதிரிகள் ஓரளவு சேர்ந்த பிறகே அங்கு சோதனை ஓட்டுவார்களாம். பூஞ்சை உறுதி என்ற முடிவு வந்தபோது கணவர் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அந்தத் தாளை நீட்டி, "இதை யாருகிட்டங்க குடுக்கணும்?" என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

மாவட்டந்தோறும் ஓர் அரசு மருத்துவமனையிலாவது இந்தப் பரிசோதனை கிடைக்க வேண்டும். முடிவு ஒரு நாளுக்குள் வர வேண்டும். ஒற்றை மாதிரியை வைத்தே ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் சோதனைப் பட்டைகளும் இப்போது வந்துவிட்டன.

2021 மே மாதத்தில் கறுப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு விரைந்து ஆணையிட்டது. நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துக் குப்பிக்காகக் குடும்பங்கள் தெருத்தெருவாக அலைந்த நாட்கள் அவை. அலை ஓய்ந்ததும் அந்த வேகமும் ஓய்ந்தது ஏன்? 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பர்ஜில்லஸின் முக்கிய வகையான ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் வைத்த பிறகும், இங்கே நோயாளியின் மனைவிதானே மாதிரியைச் சுமக்கிறார்!

சினம் மேலிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாக, மாவட்டந்தோறும் கேலக்டோமேனன் பரிசோதனைக்கும் இப்பூஞ்சைக்கான மருந்தாகிய வோரிகோனசோலின் போதிய இருப்புக்கும் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீவிரச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்