வளைந்த தையலுக்கு ஒரு திண்டு

மண்டபம்,
மே 18.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கு நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலமா? மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு வாரம் இருக்கிறது. கடற்கரையில் மீன் வாடையைவிட மர வாடைதான் இப்போது அதிகம். அந்த மரத்தால் உனக்கு ஒரு காரியம் ஆகப்போகிறது, பின்னால் சொல்கிறேன்.

நீ போனில் அனுப்பிய பிளவுஸ் படத்தை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷினில் டென்ஷன் சரியில்லை, நூல் இழுக்கிறது என்கிறாய். அது இல்லை தாயி. தையல் ஒரே சீராக இருக்கிறது. பிரின்சஸ் கட் தையல் மேலிருந்து இறங்கி மார்பு வளைவுக்கு வரும் இடத்தில் மட்டும் இரண்டு இஞ்ச் நீளத்துக்குச் சுருக்கம். அதற்கு மேலேயும் கீழேயும் ஒரு குறையும் இல்லை. டென்ஷன் கோளாறென்றால் தையல் முழுக்க அல்லவா சுருங்கும்? நீ நன்றாகத்தான் தைத்திருக்கிறாய். தேய்த்த இடத்தில்தான் தப்பு.

கிண்ணம் மாதிரி குழிந்து நிற்க வேண்டிய துணி அது. நடுத்துண்டின் ஓரத்தை ஒரு வளைவாகவும் பக்கத்துண்டின் ஓரத்தை இன்னொரு வளைவாகவும் வெட்டி, இரண்டையும் சேர்த்துத் தைத்ததால்தான் அந்தக் குழிவே வந்தது. அதைத் தட்டை மேசையில் போட்டு இஸ்திரிப்பெட்டியை மேலே வைத்தால் குழிவு எங்கே போகும்? மடிந்துதான் போகும். அந்த மடிப்பின் மேல் நாமே சூட்டை வைத்து நிலைக்க வைத்துவிடுகிறோம்.

அதனால் தையலைப் பிரிக்காதே. பிளவுஸ் தைக்கக் கொடுத்த அந்த அம்மாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேள். அதுவரை பருத்தித் துவாலை ஒன்றை இறுக்கிச் சுருட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றிக் கட்டி, அதன்மேல் வளைவைப் போட்டு உள்பக்கமாகத் தேய்த்துப் பார். ஓரளவு சுருக்கம் போகும். மீதிக்கு, வளைவைப் போட்டுத் தேய்க்கும் கெட்டியான திண்டு வேண்டும். போனில் சொன்னால் அளவு மறந்துபோகும், எழுதினால் மெஷின் பக்கத்திலேயே இருக்கும் என்றுதான் கடிதம்.

என் கடைத் திண்டு உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குப்பா" என்பாய். கல் மாதிரி இருந்தால்தான் அது திண்டு. நான் ராமநாதபுரத்தில் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்த கடையில் மாஸ்டர் கோட்டு தைப்பவர். காலரும் தோளும் திண்டின் மேல்தான் உருவம் பிடிக்கும். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்து, எடுத்து, மறுபடி வைப்பார். ஒருநாளும் இழுத்துத் தேய்த்து நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் இதற்கு டெய்லர்ஸ் ஹாம் என்று பெயராம். பன்றித் தொடை இறைச்சியின் உருவம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். மாஸ்டருக்கு அது திண்டு, எனக்கும் அதே.

கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கும் பேப்பர்தான் அளவு. முட்டை மாதிரி இருக்கும். நீளம் 14 இஞ்ச், அகலமான பக்கம் 10, ஒடுங்கும் பக்கம் 7. சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்கு இதிலேயே சேர்ந்திருக்கிறது, தனியாக விட வேண்டாம். திணித்த பிறகு இன்னும் ஒடுங்கும், பயப்படாதே. மார்பு வளைவு, இடுப்பு வளைவெல்லாம் அகலப் பக்கத்தில் உட்காரும். டாட் (உருவத்துக்காகத் துணியில் பிடித்துத் தைக்கும் கூம்பு மடிப்பு) முனை, கைமேல் வளைவு, காலர் ஆகியவற்றுக்கு ஒடுங்கிய பக்கம்.

துணிக்குக் காடா போதும். ஒரு பக்கம் கம்பளி வைப்பதும் உண்டு, அது நீராவியைப் பிடித்து வைக்கும். கோட்டுக்கு அது வேண்டும், பிளவுஸுக்கு இரண்டு பக்கமும் காடாவே நல்லது. பாலியஸ்டர் கலந்த துணி மட்டும் ஆகாது, சூட்டில் இளகிவிடும். காடாவை முதல்நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து அப்புறம் வெட்டு. வெட்டிய பிறகு சுருங்கினால் அளவு போய்விடும். அதிலிருக்கும் கஞ்சியும் போக வேண்டும், இல்லாவிட்டால் சூடு பட்டு மஞ்சளாகிவிடும். மேலுக்கு இரண்டு, கீழுக்கு இரண்டு என்று நாலு துண்டு வெட்டு. ஒற்றைத் துணி என்றால் நாளாவட்டத்தில் தூள் கசியும். தையலைப் பொடியாக வைத்து இரண்டு ஓட்டு ஓட்டிவிடு. நீளவாக்கில் வளைவு குறைவான இடத்தில் நாலு இஞ்ச் வாய் விட்டுவிட்டுத் திருப்பு.

உள்ளே என்ன திணிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலவம் பஞ்சு ஆகாது, பெட்டியின் பாரத்துக்கு அமுங்கி நாலு நாளில் தலையணை ஆகிவிடும். தவிட்டில் பூச்சி வரும். தேங்காய்நார்த் தூள் ஈரம் பட்டால் பழுப்பு நிறம் விடும். பருத்தி வெட்டுத்துணியைப் பொடிப்பொடியாக நறுக்கித் திணிக்கலாம், ஆனால் முடிச்சு முடிச்சாகக் கட்டி நிற்கும், அந்த மேடு பள்ளம் பட்டில் தெரியும். மரத்தூள்தான் சரி. இறுகும், சூட்டைத் தாங்கும், நீராவியின் ஈரத்தைத் தன்னுள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதிலும் எந்த மரத்தூள் என்பது முக்கியம். மண்டபத்தில் கடை போட்ட புதிதில், உடைத்துப்போட்ட பழைய படகுப் பலகையை அறுத்த தூளை அள்ளிவந்து முதல் திண்டைச் செய்தேன். பல வருஷம் கடலில் கிடந்த பலகை. நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் தூளில் இருந்த உப்பு காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. சந்தன நிறப் பட்டில் ஒரு கல்யாணப் பிளவுஸ், டாட்டைத் திண்டில் வைத்துப் பெட்டியை அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம். மறுநாள் முகூர்த்தம். அன்று இரவே அதே நிறத்தில் துணி வாங்கிவந்து, நானும் அம்மாவும் விடிய விடிய உட்கார்ந்து வேறு தைத்துக் கொடுத்தோம். அந்தத் திண்டை அன்றே கிழித்து அடுப்பில் போட்டேன்.

இப்போது 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தானே. ஆசாரிமாருக்குக் கையோயாத வேலை. போன வாரம் தென்கடல் கரைக்குப் போனபோது ஒருவர் வங்குக்கு, அதாவது படகின் உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் கட்டைக்கு, புது வேப்பமரம் அறுத்துக்கொண்டிருந்தார். கடல் காணாத மரம், பெயிண்டும் தாரும் படாத மரம். ஒரு சாக்கு கேட்டு வாங்கினேன். மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துச் செதிலையும் சிம்பையும் எடுத்தாயிற்று. மாடியில் பனையோலைப் பாய் விரித்து மூன்று நாள் காயவைத்தேன். கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. பழைய வேட்டியை மேலே போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்துக் காத்தேன். ஒரு திண்டுக்கு ஒன்றரைக் கிலோ போலப் பிடிக்கும். இரண்டு கிலோ அனுப்புகிறேன். அங்கே வாங்க நேர்ந்தால் பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். தேக்கும் வேண்டாம், எண்ணெய் விடும்.

திணிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். பேத்தியைப் பக்கத்தில் விடாதே. கரண்டி கரண்டியாகப் போட்டு, சப்பாத்திக் கட்டையின் முனையால் இடி. முதலில் இரண்டு முனைகளும் நிறைய வேண்டும், அப்புறம்தான் வயிறு. நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது பாதிதான் நிறைந்திருக்கும். தரையில் தட்டு, மறுபடி போடு, மறுபடி இடி. கை வலிக்கும். வாயைத் தைக்காமல் ஒரு ராத்திரி அப்படியே வை. காலையில் பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருக்கும், அதையும் நிரப்பு. கட்டைவிரலை முழுப் பலத்தோடு அழுத்து. பள்ளம் விழாமல் இருந்தால் கோணி ஊசியில் நூலை நாலு இழையாகக் கோத்து வாயை மூடு.

இனி உன் பிளவுஸ். வளைவு தொடங்குமுன் நேராக ஓடும் தையலைத் தட்டையாகவே தேய்த்துவிடு, நூல் துணிக்குள் அமரும். வளைவில் தையலுக்கு விட்ட துணியைப் பார். பக்கத்துண்டில் உபரித் துணி மடிந்து மடிந்து நிற்கும், அங்கே சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி எடு. நடுத்துண்டில் இழுத்துப் பிடிக்கும், அங்கே நறுக்கு மட்டும் போதும். இரண்டிலும் கத்தரி தையலைத் தொடக்கூடாது. பிறகு திண்டைத் திருப்பித் திருப்பி அந்த வளைவுக்குப் பொருந்தும் இடத்தைத் தேடு, கிடைக்கும். உள்பக்கம் மேலே வரும்படி போட்டு, விரலால் தையலை விரித்து, பெட்டியை வை, எடு. இழுக்காதே. பட்டு என்பதால் தண்ணீர் தெளிக்காதே, திட்டு விழும். காய்ந்த வெள்ளைத் துணியை மேலே போட்டுக் குறைந்த சூட்டில் செய். லைனிங் பருத்திதானே? தேய்த்ததும் எடுக்காமல் ஆறும்வரை திண்டின் மேலேயே விடு. சூட்டோடு தூக்கினால் பிடித்த உருவம் கலைந்துவிடும்.

பிளவுஸ் கையைத் தேய்க்க ஒரு சின்ன உருளையும் வேண்டும். அதற்குத் தூள் வேண்டாம், பழைய வாரப் பத்திரிகையை இறுகச் சுருட்டி மேலே காடா தைத்தால் ஆயிற்று.

பார்சல் நாளை ராத்திரி பஸ்ஸில் வருகிறது. அம்மா நெத்திலிக் கருவாடும் வைத்திருக்கிறாள், தனி டப்பாவில். வந்ததும் முதல் வேலையாக அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்விடு. தூள் வாடையை இழுக்கும், அப்புறம் தேய்க்கும் பட்டிலெல்லாம் அதுதான் மணக்கும்.

முடித்ததும் பிளவுஸை மேசையில் விரித்துப் படம் எடுக்காதே. திண்டின் மேல் போட்டு எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா