‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதுக் கருவிகள், கணினிப் பதிவு எல்லாம் அதில் இருந்தன. சிறுவயதில் பட்ட மனக்காயம் பிற்காலத்தில் உடம்பை என்ன செய்யும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நர்சிங் மாணவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாளுக்குச் சிறுநீர் வெளியேற்றும் குழாயான கதீட்டர் போடப் போனேன். கால்களை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மூன்று தடவை அப்படியே. கேஸ் ஷீட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். இரவு டியூட்டிக்கு வந்த மூத்த செவிலியர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். “வேண்டாம்னு தோணினா கையைத் தூக்குங்கம்மா, உடனே நிறுத்திடறேன்” என்றார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. அந்த அம்மாளுக்கு முன்பு என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. சிறுவயதில் பட்டது ஏதாவது இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்களின் ஆய்வு 1998-ல் வெளிவந்தது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது போன்ற சிறுவயது அனுபவங்களைப் பெரியவர்களிடம் கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் பல மடங்கு அதிகம். இதயநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய் எல்லாம் கூடவே ஏறின. புகையும் குடியும் ஒரு காரணம். தினமும் பயந்து வளரும் குழந்தையின் உடம்பில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனின் சுரப்பே தடுமாறிப்போவது இன்னொன்று.

ஆனால் இதை மதிப்பெண் போடும் பாடமாக்கிவிடக் கூடாது. எத்தனை வகை அனுபவங்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத் தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்று ஆண்டாவே 2020-ல் எழுதினார். பரிவோடு நிலையாகக் கூட இருந்த ஒரே ஒரு பெரியவர்கூட ஒரு குழந்தையின் பாதையை மாற்ற முடியும்.

அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. நம் வகுப்பு பெஞ்சுகளிலும் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாடத்தின் நடுவே எழுந்து போன ஒரு மாணவியை, “எங்கே போகிறாய்?” என்று எல்லார் முன்னாலும் அதட்டியிருக்கிறேன். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. நாளை என்ன பாடம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் வெளியே போக விட வேண்டும். அந்த ஆய்வில் கேட்ட கேள்விகளின் தாளை வகுப்பில் நிரப்பச் சொல்லவே கூடாது. வார்டிலிருந்து கனத்த மனதோடு வருகிறவர்கள் பேச ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

ஒரு மணி நேர விரிவுரையும் போதாது. மாணவர்கள் முதலில் பொம்மைகளை வைத்துத்தான் பழகுகிறார்கள். பொம்மையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை, அந்தப் பழக்கம் அப்படியே வார்டுக்கு வந்துவிடுகிறது. செய்முறைத் தேர்வில் கை கழுவுவதற்கு மதிப்பெண் இருக்கிறது, கையுறை போடுவதற்கு இருக்கிறது. தொடுவதற்கு முன் “தொடலாமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர்