சொன்னவர் பெயரும் காரணமும் தொலையாதிருக்க: அமைப்பு வடிவமைப்புக் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஒரு கணினி அமைப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் தேவை ஆவணங்களைத் தொகுக்கும் பணியில் நெடுங்காலமாக இருந்துவரும் நான் உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள் இது: ஓர் அமைப்பைப் பயன்படுத்தப்போகிறவர்களின் அறிவை நேர்காணல் குறிப்புகளிலும் விரிதாள்களிலும் முடக்கிவிடாமல், அவர்களே எழுதித் திருத்தக்கூடியதும், பக்கங்களுக்கு இடையிலான உறவின் பொருளைக் கணினிக்கும் அறியத்தருவதுமான இணையப் பக்கத் தொகுப்பாகிய செமாண்டிக் விக்கியில் பதிவுசெய்ய வழிவிடுங்கள்.

மருத்துவமனை ஒன்றின் மருந்துப் பதிவு அமைப்புக்காக நான் தொகுத்த ஆவணம் இன்றும் என்னை வருத்துகிறது. மருந்து கொடுக்கும் முன்பே பதிவு நடக்க வேண்டும் என்றனர் மருந்தகத்தினர். நெருக்கடியில் மருந்துதான் முதலில், பதிவு பிறகு என்றனர் இரவுப் பணிச் செவிலியர்கள். இரண்டையும் ‘உரிய நேரத்தில் பதிவு செய்தல்’ என்ற ஒரே வரியில் அடக்கினேன். யார் சொன்னார், ஏன் சொன்னார் என்பதெல்லாம் அந்த வரிக்குள் மறைந்துபோக, பதிவில்லாமல் அடுத்த படிக்கு நகரவிடாத திரைதான் செவிலியர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வார்டு கன்னிங்காம் 1995இல் தொடங்கிய முதல் விக்கி, படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்ற வசதியைத் தந்தது. 2005இல் வெளிவந்த செமாண்டிக் மீடியாவிக்கி என்ற மென்பொருள், பக்கங்களுக்கு இடையிலான இணைப்புக்குப் பொருளையும் சேர்த்தது. இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ‘முரண்படுகிறது’ என்ற பண்பின் பெயரையும், இரு முக்காற்புள்ளிகளை அடுத்து மற்றொரு தேவையின் பெயரையும் எழுதினால், அந்த உறவைக் கணினியும் அறிந்துகொள்ளும். முரண்படும் தேவைகள் யாவை, அவற்றைச் சொன்னவர் யார் என்பதை ஒரே வினவலில் பட்டியலாகப் பெறலாம். என் ஒற்றை வரி அங்கே இரண்டு பக்கங்களாக, தத்தம் காரணங்களோடு நின்றிருக்கும். பின்னர் யாரேனும் ஒன்றை மாற்றியிருந்தாலும், பக்க வரலாறு அதைக் காட்டியிருக்கும்.

ஆனால் இந்தக் குறியீட்டைச் செவிலியர்கள் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவர்களுக்குப் படிவங்கள் போதும். பண்புகளையும் சொன்னவர், காரணம், சார்ந்திருக்கிறது, முரண்படுகிறது என நான்கைந்தோடு தொடங்குங்கள். முழுமையான சொற்தொகுதியை முன்கூட்டியே வகுத்துவிட்டு மக்களை அதற்குள் பேசச் சொல்லும் முயற்சி, என் கணிப்பில், அவர்களை மௌனமாக்கிவிடும். ஒருவர் ‘நோயாளி எண்’ என்றும் மற்றவர் ‘பதிவு எண்’ என்றும் எழுதத்தான் செய்வார்கள். அவை இரண்டும் ஒன்றுதானா என்று அவர்களிடமே கேட்டு இணைக்க, பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள்.

எழுதுவதற்கான நேரத்தை அவர்களுடைய பணிநேரத்திலேயே ஒதுக்குங்கள். அடுத்த திட்டத்தின் முதல் வடிவமைப்புக் கூட்டத்திற்கு முன்பே விக்கியை அவர்களுக்குத் திறந்துவிட்டு, முரண்பாடுகளின் பட்டியலை அக்கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேவைப் பகுப்பாய்வாளர் ஒருவர்